1453-லேருந்து 1789 வரைக்கும் நம்ம மலை எங்க இருந்துச்சு?

கவுஞ்சிக்காரன்

வணக்கம் எல்லாருக்கும். நமக்கு ஊர் கொடைக்கானல் பக்கம் கவுஞ்சி. தொலைதூரக் கல்வியில எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். பகல்ல பிக்கப் வண்டி. கேரட், பூண்டு, உருளை ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு இறங்குவேன். திரும்பி வந்து போர்வைக்குள்ள உக்காந்துதான் புத்தகம்.

இந்தத் தடவை 'தொடக்க நவீன உலகம்'னு ஒரு தாள். 1453-ல கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்ததுல ஆரம்பிச்சு 1789 பிரெஞ்சுப் புரட்சியில முடியுது. கொலம்பஸ், லூதர், பதினாலாம் லூயி எல்லாரும் வர்றாங்க. நம்ம பக்கம்னு பாத்தா 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல இறங்குற ஒரே ஒரு பக்கம். ஆனா அசைன்மென்ட் தலைப்பு மட்டும் 'தொடக்க நவீன வரலாற்றை உலகளாவிய நோக்கில் படித்தல்'. பத்துப் பக்கம் எழுதணும். மையத்துல கேட்டேன், "கைடுல இருக்கும் பாருங்க"ன்னாங்க. கைடுல இல்ல.

எனக்கு ஒண்ணு தோணுச்சு. என் வண்டியில ஏத்துறதைப் பாருங்க. உருளை, பீன்ஸ், சௌசௌ எல்லாமே அமெரிக்கக் கண்டத்துல பொறந்த பயிர். அப்ப 1600-லயே நம்ம கொடைக்கானல் இருக்கிற பழனிமலை உலகத்தோட சேந்துருச்சுன்னு ஆரம்பிச்சு பத்துப் பக்கம் இழுத்துரலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வரலாற்றுப்பித்து

தம்பி, தொடங்குற இடம் சரி. போய்ச் சேர்ற இடம் தப்பு.

ஒரு பயிருக்கு மூணு தேதி உண்டு. பொறந்த மண், கப்பலேறின காலம், உங்க ஊர்த் தோட்டத்துக்கு வந்த வருஷம். மூணையும் ஒரே வரியில போட்டா படிக்கிறவர் முதல் பக்கத்துலயே சிவப்பு மையை எடுத்துருவார். உருளை பொறந்தது ஆண்டிஸ் மலையில. அங்க இருந்த இன்கா அரசை ஸ்பானியத் தளபதி பிஸாரோ 1532-ல பிடிச்ச பிறகு, அந்த நூற்றாண்டோட பிற்பாதியிலதான் ஐரோப்பாவுக்கே போகுது. நம்ம மலைகளுக்கு? நீலகிரியில வெள்ளைக்கார கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறினது 1819. கொடைக்கானல்ல அமெரிக்க மிஷன்காரங்க வீடு கட்டினது 1845. இங்கிலீஷ் காய்கறின்னு நாம சொல்றதெல்லாம் அவங்க காலத்துக் கதை. உங்க தாள் முடிஞ்சு ரெண்டு தலைமுறை கழிச்சு வந்தது.

நீங்க தேடுறதுக்குச் சரியான ஆள் மிளகாய். போர்ச்சுகீசியர் வந்த கொஞ்ச காலத்துலயே, 16-ஆம் நூற்றாண்டுலயே மேற்குக் கரையில வேர் பிடிச்சுருச்சு. ஏன் அவ்வளவு வேகம்னு கேட்டா, மிளகுக்கு மலை வேணும், மழை வேணும், படர மரம் வேணும், நடுவுல வியாபாரி வேணும். மிளகாய்க்கு அடுப்படிக்குப் பின்னாடி நாலடி இடம் போதும். பேரைப் பாருங்க: மிளகு, காய். இருந்தவன் பேரையே எடுத்துக்கிட்டு அவன் நாற்காலியில உக்காந்துக்கிச்சு.

மேரக்காய்

கோத்தகிரியிலேருந்து எழுதறேன். எங்க பக்கம் சௌசௌவுக்கு மேரக்காய்னுதான் பேரு, அதான் இந்தப் பேர் வெச்சிருக்கேன் :)

உருளை பத்தி ஒண்ணு சேத்துக்குங்க தம்பி. கிழங்கு மட்டும் வரல, கூடவே ஒட்டிக்கிட்டு அதோட சொந்த ஊர் நூற்புழுவும் வந்துருச்சு. எங்க மலையில அதைக் கண்டுபிடிச்சது 1961-ல. செடியைப் பிடுங்கி வேரை வெயில்ல காட்டினா கேழ்வரகைவிடச் சின்னதா பொன் நிறத்துல மணிமணியா ஒட்டியிருக்கும். பாக்க அழகாத்தான் இருக்கும், வயித்தெரிச்சல். அந்தப் புழுவால நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலத்துக்குப் போகக் கூடாதுன்னு தடையே போட்டாங்க. உங்க கொடைக்கானல் பக்கமும் அது உண்டு. பெரு நாட்டுல ஆரம்பிச்ச கணக்கு எங்கப்பா தோட்டத்துலதான் வந்து விடிஞ்சுது.

எதிர்க்காத்து

எல்லாரும் சந்தோஷமா முடிச்சுப் போட்டுக்கிட்டிருக்கீங்க. நான் கொஞ்சம் அவுக்கிறேன்.

இந்த 'உலகளாவிய நோக்கு'ங்கிறது என்ன? ஐரோப்பாக்காரன் கப்பலேறி எங்கெல்லாம் போனானோ அதுக்குப் பேரு உலகம். அவன் வராத இடத்துக்கு வரலாறே கிடையாது. தலைப்பை மாத்திட்டா போதுமா? 1453, 1789 ரெண்டுமே அவங்க ஊர் வருஷம். நம்ம மலைப் பழங்குடி பளியர் குடியிருப்புல போய் 1453-ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

அப்புறம் ஒரு சின்னச் சண்டை. 'முன்நவீனம்'னு சில பேர் எழுதறாங்க, 'தொடக்க நவீனம்'னு சில பேர். முன்நவீனம்னா நவீனத்துக்கு முந்தினது. தொடக்க நவீனம்னா நவீனத்தோட முதல் படி. ரெண்டும் ஒண்ணில்ல. எங்க மலை முதல் படியில நின்னுச்சா, படிக்கே வரலையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

வரலாற்றுப்பித்து

காத்து, பாதி சரி. மீதிப் பாதியில நீங்க கோபத்துல கண்ணை மூடிக்கிட்டீங்க. இந்துமாக்கடல்ல போர்ச்சுகீசியன் கப்பல் மட்டுமா ஓடுச்சு? குஜராத்தி, மரக்காயர், ஆர்மேனியர், சுமத்ராவோட அச்சேக்காரர் எல்லாரும் ஓட்டினாங்க. சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினாங்க. பின்னாடி வந்த டச்சுக்காரனும் அதே துணியைத் தேடித்தான் பழவேற்காட்டுல கோட்டை கட்டினான். அவனே ஜப்பான் செம்பைக் கொண்டாந்து நம்ம கரையில வித்தான். ஐரோப்பாக்காரன் நடுவுல நுழைஞ்சவன். சந்தை அவனுக்கு முன்னாடியே கூடியிருந்துச்சு.

வருஷ விஷயத்துல உங்க பக்கம்தான் நான். எந்த வருஷத்துல தொடங்குறோங்கிறதுலயே பாதி வாதம் முடிஞ்சுபோகும். உலக வாணிபம் 1571-ல தொடங்குதுன்னு சொல்ற ஆட்கள் உண்டு. ஸ்பானியர் மணிலாவை நிறுவின வருஷம் அது. தென் அமெரிக்காவுல பொட்டோசி மலையில 1545-ல கண்டுபிடிச்ச வெள்ளி அதுக்கப்புறம் பசிபிக் கடலையும் தாண்டி ஆசியாவுக்கு வர ஆரம்பிச்சுது. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1565-ல தலைக்கோட்டைப் போர். விஜயநகரம் சாய்ஞ்சு மதுரை நாயக்கர்கள் கொஞ்சம் கொஞ்சமாத் தனியா நிக்க ஆரம்பிச்ச காலம். ஒரு பக்கம் வெள்ளி வருது, இன்னொரு பக்கம் அதை வரியா வாங்குற புது அரசுகள் வருது. நான் எழுதினா 1565-லதான் தொடங்குவேன்.

முடிவுக்கு 1789 எதுக்கு? 1792 வெச்சுக்குங்க. திப்பு தோத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்குக் கொடுத்த வருஷம். பழனிமலை அடிவாரம் கைமாறினது அப்படித்தான். எதிர்ல கையெழுத்து வாங்கினவர் கம்பெனியோட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1781-ல அமெரிக்காவுல யார்க்டவுன்ல வாஷிங்டன்கிட்ட படையோட சரணடைஞ்ச அதே காரன்வாலிஸ். அங்க விட்டதை இங்க பிடிச்சார். கம்பெனியை எதிர்த்து நின்ன விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரைத் தூக்குல போட்ட 1801-க்கு இதுலேருந்து ஒன்பதே வருஷம்.

கவுஞ்சிக்காரன்

சார், யார்க்டவுன் விஷயம் தலையைச் சுத்துது. விருப்பாச்சி வாழைப்பழம் ஏத்தியிருக்கேன், இந்தக் கணக்கு தெரியாது.

எதிர்க்காத்து அண்ணே, கோபப்படாதீங்க. 1600 வாக்குல நம்ம மலைகளை நேர்ல பாத்து யாராவது எழுதி வெச்சிருக்காங்களா? அது கிடைச்சா பயிரை விட்டுட்டு அதையே பிடிச்சுக்குவேன்.

வரலாற்றுப்பித்து

இருக்கு. பழனிமலை இல்ல, நீலகிரி. கொஞ்சம் நீளமா எழுதறேன், விடுமுறைநாள்தானே.

1603-ல யாக்கோமே ஃபெனிசியோன்னு ஒரு இயேசு சபைப் பாதிரியார் கோழிக்கோட்டுலேருந்து கிளம்பி, மலையாளக் கரைப் பக்கமா ஏறி 'தோடமலை'க்கு வந்தார். ஐரோப்பியர் ஒருத்தர் நீலகிரியைப் பத்தி எழுதினதுல நமக்குக் கிடைச்ச முதல் அறிக்கை அவரோடது. சல்லிவனுக்கு 216 வருஷம் முன்னாடி. 1906-ல நீலகிரிப் பழங்குடி தோடர்களைப் பத்தி மானிடவியல்காரர் ரிவர்ஸ் போட்ட புத்தகத்துப் பின்னிணைப்புல ஆங்கிலத்துல கிடைக்கும்.

ஏன் வந்தார்? அங்கதான் உங்க தலைப்பு உக்காந்திருக்கு. ஐரோப்பாவுல லூதர் கிளப்பின புயலுக்குப் பதிலா கத்தோலிக்கத் திருச்சபை 1545 முதல் 1563 வரை டிரெண்ட் நகரத்துல சங்கம் கூட்டி, வழிபாடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு இறுக்கிப் பிடிச்சுது. அந்த இறுக்கம் கோவா வழியா கேரளத்துக்கு வந்து, 1599 உதயம்பேரூர்ச் சங்கத்துல தோமா கிறிஸ்தவர்களைத் தன் வழிக்குக் கொண்டுவரப் பாத்துச்சு. அப்ப ஒரு பேச்சு கிளம்புது: மலைமேல, வழிதவறிப்போன பழைய கிறிஸ்தவர்கள் இருக்காங்களாம். ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆள் அனுப்பறார். ஆயர் கட்டலோனியாக்காரர், போனவர் இத்தாலிக்காரர், அறிக்கை எழுதினது போர்ச்சுகீசிய மொழியில, அப்ப போர்ச்சுகலை ஆண்டவர் ஸ்பெயின் ராஜா. கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியோட நாட்டுலேருந்து கிளம்பித் தோடர் மந்துல, அதாவது அவங்க குடியிருப்புல போய் நிக்கிறார்.

கிறிஸ்தவர்கள் யாரும் இல்ல. எருமையும், எருமைப் பால்கூடத்துப் பூசாரியும்தான் இருந்தாங்க. தோடப் பெண்களுக்குக் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்துட்டு இறங்கிட்டார். தேடி வந்தது கிடைக்கல, ஆனா பாத்ததை எழுதி வெச்சார். டிரெண்ட் சங்கம் கூடலேன்னா இந்த அறிக்கை கிடையாது. காத்து, இதைத்தான் நான் இணைப்புன்னு சொல்றேன். இதுல தோடர்கள் எங்கயும் போகல, எருமை மேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. உலகம்தான் மூச்சிரைக்க மலையேறி வந்துச்சு.

மேரக்காய்

அந்த அறிக்கை எங்களுக்கு ரொம்ப முக்கியம். அதுல எங்க படகர் ஊர்களையும் சொல்லியிருக்கார். மைசூர்ப் பக்கமிருந்து எங்க ஆட்கள் எப்ப மலையேறினாங்கன்னு ஹட்டியில, அதான் எங்க ஊர்ல, ஒவ்வொரு பாட்டியும் ஒவ்வொரு கதை வெச்சிருப்பாங்க. பள்ளிக்கூடத்துல ஒருத்தர் திப்பு காலத்துல ஓடி வந்தவங்கன்னே சொல்லிக்கொடுத்தார். திப்பு பொறக்குறதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே நாங்க இங்க உழுதுக்கிட்டிருந்தோம்னு எங்கேயோ இத்தாலியில பொறந்த ஒருத்தர் சாட்சி சொல்றார். எங்கூட்டு வரலாறு போர்ச்சுகீசியக் காகிதத்துல கிடக்குது, என்ன பண்றது.

எதிர்க்காத்து

சாட்சி சரி. சாட்சி சொன்னவன் எதுக்கு வந்தான்னும் பாருங்க அக்கா. ஆடு தேடி வந்தவன் எழுதின கணக்குல மலையே தொழுவமாத்தான் தெரியும். தோடர் பூசாரிகிட்ட அவன் கேட்ட கேள்வி எல்லாம் அவன் மதத்துக் கேள்வி. அதுக்குக் கிடைச்ச பதிலை வெச்சு நாம தோடரைப் படிக்கிறோம்.

ஓய்வு அஞ்சல்

கொடைக்கானலில் முப்பத்தாறு ஆண்டுகள் தபால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாறு முறையாகப் படித்ததில்லை. கடிதம் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

கவுஞ்சித் தம்பி நீலகிரி வரை போக வேண்டாம். தினமும் வண்டியில் கடக்கும் செண்பகனூரிலேயே இருக்கிறது. இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் அங்கேதான். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து அந்த மிஷன் பாதிரிமார் எழுதிய கடிதங்களின் நகல்களும் மொழிபெயர்ப்புகளும் அங்கு உண்டு. அசல்களுக்கு ரோமாபுரி போக வேண்டும்.

என்னைக் கவர்ந்தது அவர்கள் அனுப்பிய முறை. ஒரே கடிதத்துக்குப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். ஒன்று மூழ்கினாலும் ஒன்று சேரும். கோவாவிலிருந்து லிஸ்பன் போகும் கப்பல் மார்கழி, தை வாக்கில் கிளம்பினால்தான் காற்று ஒத்துழைக்கும். போய்ச்சேர ஆறு மாதம் போல. மறு கப்பல் அங்கிருந்து பங்குனியில் கிளம்பி இங்கே புரட்டாசியில் வரும். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க ஒன்றரை வருடம், சில சமயம் இரண்டு. ஒரு மணியார்டர் நாலு நாள் தாமதமானதற்கு என்னை ஒருவர் சட்டையைப் பிடித்திருக்கிறார்!

மூக்கறுப்புப் போர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை வந்து பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை கட்டியது, மதுரைப் படை திருப்பிப் போய் அதையே செய்தது. இந்த விவரமெல்லாம் அந்தோணி புரோயென்சா என்ற பாதிரியார் 1659-இல் திருச்சியிலிருந்து ரோமாபுரியில் இருந்த தம் சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதே புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி, அவர் காலமான பிறகு 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. இன்று தெரிந்து ஒரே ஒரு பிரதிதான், வாத்திக்கன் நூலகத்தில். ஒரு படியோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அச்சுப் போட்டவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள்.

கவுஞ்சிக்காரன்

ஐயா, அந்த வளைவுல தினமும் ஹாரன் அடிச்சுக்கிட்டுத்தான் போறேன். உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. மியூசியம் மட்டும் சின்ன வயசுல பாத்திருக்கேன், பாம்பு பாட்டில்ல இருக்கும்.

தாண்டிக்குடி காப்பி

வேலை முடிச்சு இப்பத்தான் இதைப் பாக்கறேன். எல்லாரும் மலைக்கு வந்ததையே பேசறீங்க. மலையிலேருந்து போனது? தம்பி, காப்பியை எடுங்க.

பொறந்தது எத்தியோப்பியா. வளர்ந்தது ஏமன். அங்கேருந்து பாபா புடன் ஏழு கொட்டையை மறைச்சுக் கொண்டாந்து சிக்கமகளூர் மலையில நட்டார்னு வழக்கு. வழக்கோ நிசமோ, 17-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள மலபார்ப் பக்கம் காப்பி இருந்துருக்கு. எப்படித் தெரியும்னா, டச்சுக்காரன் 1696-ல மலபார்லேருந்துதான் ஜாவாவுக்கு நாத்து கொண்டுபோனான். அது வெள்ளத்துல போச்சு. விடாம 1699-ல மறுபடி கொண்டுபோனான். ஜாவாவுல பிடிச்சுக்கிட்ட செடி 1706-ல ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டம் போகுது. அதோட பிள்ளை ஒண்ணு 1714-ல பதினாலாம் லூயிக்குப் பரிசாப் போகுது. உங்க பாடத்துல வர்ற அதே லூயிதான்! அங்கேருந்து 1720-கள்ல கரீபியன் தீவு மார்ட்டினிக். அந்த வம்சம்தான் அமெரிக்கா பூரா பரவுச்சு. நம்ம கரையிலேருந்து போன செடிதான் அவங்களுக்குக் கொள்ளுப்பாட்டி.

கீழ்ப்பழனி மலைக்கு அது தோட்டப் பயிரா வந்தது 19-ஆம் நூற்றாண்டு. சார் சொன்ன மூணு தேதி இதுக்கு அழகாப் பொருந்தும். எங்க தாத்தா வெச்ச அரபிக்கா நாலு செடி கிணத்தடியில இன்னும் நிக்குது, காய்ப்பு கம்மி. பறிச்ச அன்னிக்கே பல்பர்ல, அதாவது தோலுரிக்கிற மெஷின்ல விடணும், தோல் போன கொட்டை வழவழன்னு கையில நிக்காது. தொட்டியில போட்டு அந்தப் பசை விட்டதும் அலசிக் களத்துல பரப்பறோம். ஏமன்ல இப்படி இல்ல, பழத்தோடயே காய வெப்பாங்க. கொட்டை ஒண்ணுதான், கைப்பக்குவம் ஊருக்கு ஊர் வேற.

எதிர்க்காத்து

இது நல்ல கதை. அதனாலதான் பயமா இருக்கு. பரிசு, ராஜா, தாவரத் தோட்டம்னு எழுதி மார்ட்டினிக்கோட நிறுத்திராதீங்க. அதே கரீபியன்ல செயின்ட் டொமிங், பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு, இன்னிக்கு ஹெய்ட்டி. 1780-கள் முடிவுல உலகக் காப்பியில பாதி கிட்ட அங்கேருந்துதான். விளைவிச்சது ஆப்பிரிக்காவுலேருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள், அஞ்சு லட்சம் பேர் கிட்ட. 1791-ல அவங்க எழுந்தாங்க. 1804-ல தனி நாடு.

உங்க தாள் 1789-ல பாரீஸ்ல முடியுதில்ல? ரெண்டு வருஷம் தள்ளி அந்தத் தீவுல முடிச்சுப் பாருங்க. சுதந்திரம், சமத்துவம்னு பாரீஸ்ல பேசிக்கிட்டே குடிச்ச காப்பி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும். இப்படி எழுதினா நான் வாயை மூடிக்குவேன். பளியர் விஷயத்துல மட்டும் மூட மாட்டேன்.

வரலாற்றுப்பித்து

காத்து, வாத்தியார் வேலைக்கு வந்திருக்கணும் நீங்க.

கவுஞ்சிக்காரன்

நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மழையில பெருமாள்மலைகிட்ட மரம் விழுந்து ஒரு ராத்திரி பூரா வண்டியிலயே கிடந்தேன். அங்கயே எழுத ஆரம்பிச்சுட்டேன்.

காப்பிதான். 1696 கப்பல்ல தொடங்குறேன், 1791 தீவுல முடிக்கிறேன். ஃபெனிசியோவுக்கு ரெண்டு பக்கம், உலகம் மலையேறி வந்ததுக்கு. உருளையை ஒரே பத்தியில, ஏன் இந்தக் காலத்துல சேராதுன்னு காட்டுறதுக்கு மட்டும். காரன்வாலிஸை விட மனசே இல்ல, ஆனா இடம் பத்தல. அண்ணன் கேட்ட பளியர் பத்தி ஒரு வரிகூட எழுதத் தெரியல. கவுஞ்சியிலயே எங்களுக்குத் தேன் கொண்டாந்து கொடுக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட என்ன கேக்கணும்னே தெரியல எனக்கு. செண்பகனூர்க் கடிதங்கள்ல மலையாட்கள் பத்தி எங்கயாவது வருதான்னு போய்ப் பாக்கணும்.

தாண்டிக்குடி அண்ணே, அந்தக் கிணத்தடிச் செடியை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?

தாண்டிக்குடி காப்பி

கார்த்திகை கடைசியில வாங்க, பழம் சிவந்திருக்கும். பண்ணைக்காடு பிரிவுல திரும்பி வந்து போன் போடுங்க. வண்டி காலியா வந்தா நாலு மூட்டை ஏத்தி விடறேன், வாடகை பேசிக்கலாம்.

ஓய்வு அஞ்சல்

காப்பகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டாம். என்ன படிக்கிறீர்கள், எந்த ஆண்டுக் கடிதங்கள் வேண்டும் என்று முதலில் எழுதிக் கேளுங்கள். எழுதி என்றால் எழுதி, வாட்ஸ்அப் இல்லை.

கவுஞ்சிக்காரன்

சரிங்க ஐயா. நாளைக்கே போடறேன். தபால்தலை இன்னும் அஞ்சு ரூபாய்தானா?

ஓய்வு அஞ்சல்

அஞ்சு ரூபாய்தான். இருபது கிராம் தாண்டாமல் எழுதுங்கள்.